பதவி பெரிது, ஊதியம் சிறிது

(உரைநடைப் பாடம்)

மாணவர்களே,

மாரிக்குப்பத்திலிருந்து வங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் காலைத் தொடர்வண்டியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். உங்களுள் பலருடைய தந்தையரோ, சிற்றப்பாக்களோ, அக்காக்களோ அவ்வண்டியில்தான் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் இவ்வூரின் வேலை பெருமளவுக்கு அவ்வண்டியின் மறுமுனைக்கு இடம் மாறிவிட்டது. வண்டியில் நடைபெறும் பேச்சுகளுள் ஒன்றை இப்பாடத்துக்குப் பொருளாக எடுத்துக்கொள்வோம். 'எனக்கு மேற்பார்வையாளர் பதவி தருகிறார்கள். ஆனால் கையில் வரும் பணம் குறைகிறது. ஏற்பதா, விடுவதா?' என்பதே அது.

இவ்வினாவுக்கு 'ஏற்றுக்கொள்' என்றோ 'விட்டுவிடு' என்றோ இப்பாடம் விடை கூறாது. விடை காணும் வழியையே கற்பிக்கும்.

முதலில் சில சொற்களைக் காண்போம். ஊதியம் என்னும் சொல்லை இன்று மாதச் சம்பளம் என்ற பொருளில் வழங்குகிறோம். திருக்குறளிலோ அது பெறும் பயன், இலாபம் என்னும் விரிந்த பொருளில் வருகிறது. சம்பளம் என்பதைச் சம்பு, அளம் என இரண்டாகப் பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாக அளக்கப்பட்ட காலத்துச் சொல் என்று சிலர் விளக்குவர். கூலி என்பது செய்த வேலைக்கு அன்றன்று பெறுவது. நம் பாட்டனார் காலத்து லைன் வீடுகளில் நாள்தோறும் வழங்கிய சொல் இதுவே. மேஸ்திரி என்பது போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். கங்காணி என்பது கண்காணி என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு. இது தேயிலைத் தோட்டங்களின் வழியாக ஆங்கிலத்துக்கும் சென்றது. மேஸ்திரி, கங்காணி இரண்டும் பதவிப் பெயர்கள். ஊதியம் என்னும் சொல்லின் பழைய பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

பதவிப் பெயரை வெற்றுப் பெருமை என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆயின் கோலார் தங்கவயலில் வாழ்வோர் அவ்வாறு நகைத்தல் பொருந்தாது. 1880 ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களுள் பெரும்பாலோர் சொந்த ஊரில் சாதியின் பெயரால் இழிவாக நடத்தப்பட்டோர். இங்கும் மேற்பதவிகள் நெடுங்காலம் ஐரோப்பியர் கைகளிலேயே இருந்தன. மாளிகையும் மன்றமும் அவர்களுக்கு, லைன் வீடு தொழிலாளருக்கு. பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாத ஒருவர் 'மேஸ்திரி ஐயா' என்று அழைக்கப்படும்போது அவருக்குக் கிடைப்பதை ரூபாயில் அளக்க இயலாது. 1930 ஆம் ஆண்டில் இவ்வூர்த் தொழிலாளர் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். குற்றவாளிகளைப் போலத் தங்களை நடத்துகின்றனர் என்பதே அவர்தம் மனக்குறை. வயிற்றுக்காக வந்தோர் மானத்துக்காகவும் கூலியை இழக்க முன்வந்தனர்.

ஆகவே 'பெயரில் என்ன இருக்கிறது, பணம்தானே முக்கியம்' என்னும் வாதம் அவ்வளவு உறுதியானது அன்று. 'பெயர் கிடைத்தால் போதும்' என்பதும் உறுதியானதன்று. அதனை விளங்கிக்கொள்ள ஒரு தமிழரின் வாழ்க்கையைக் காண்போம்.

இராமன் எடுத்த முடிவு

சர் சி. வி. இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1907 ஆம் ஆண்டு கல்கத்தாவில் அரசு நிதித்துறை அலுவலராகப் பணியேற்றார். அக்காலத்தில் இந்தியர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த வேலைகளுள் அதுவும் ஒன்று. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்று மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தார். பணிமாற்றல் என்பது நம் பள்ளி மாணவர்களுக்குப் புதிதன்று, விளக்க வேண்டியதில்லை.

அலுவலகம் செல்லும் வழியில் பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876 இல் நிறுவிய அக்கழகத்தில் கருவிகள் இருந்தன. அவற்றைப் பயன்படுத்துவோர் அரிதாக இருந்தனர். இராமன் அலுவலகத்துக்கு முன் காலையிலும், அலுவலகம் முடிந்தபின் மாலையிலும் அங்கே ஆய்வு செய்தார். பகல் முழுவதும் கணக்கு, மீந்த பொழுதெல்லாம் ஒலியியல். பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன.

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி, தாரக்நாத் பாலித் அளித்த கொடையைக் கொண்டு இயற்பியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கையை ஏற்படுத்தினார். அதனை ஏற்குமாறு இராமனை அழைத்தார். நிதித்துறையில் இராமன் பெற்ற ஊதியம் மாதம் ஏறத்தாழ 1,100 ரூபாய் என்றும், பேராசிரியர் இருக்கைக்குரிய ஊதியம் 600 ரூபாய் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பர். ஏறக்குறையப் பாதி. 1914 இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டிய விழாவில், வருவாய் மிக்க அரசுப் பதவியை விட்டு வருவாய் குறைந்த இவ்விருக்கைக்கு இராமன் வர இசைந்ததை முகர்ஜியே வெளிப்படையாகப் பாராட்டினார். அழைத்தவர் ஊதியக் குறைவை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இராமன் உடனே ஓடிச் சென்று அமர்ந்துவிடவில்லை. அக்கொடையின் விதிப்படி இருக்கையை ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். அப்பயிற்சிக்காகக் கடல் கடந்து செல்ல அவர் மறுத்துவிட்டார். பல்கலைக்கழகம் அவ்விதியைத் தளர்த்தியது. வகுப்பு எடுப்பது அவருக்குக் கட்டாயம் அன்று என்பதும் ஏற்கப்பட்டது. எனினும் அவர் விரும்பி வகுப்பு எடுத்தார் என்பது வேறு செய்தி. கழகத்தில் செய்துவந்த ஆய்வும் தொடர்ந்தது. 1917 ஆம் ஆண்டில், தம் 28 ஆம் அகவையில், நிதித்துறையிலிருந்து விலகிப் பாலித் பேராசிரியரானார்.

இந்நிகழ்ச்சியைப் பாடநூல்கள் பெரும்பாலும் 'தியாகம்' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றன. எனக்கு அது நிறைவளிக்கவில்லை. தியாகம் என்றால் கொடுத்தது மட்டும் கண்ணில் படும், பெற்றது மறைந்துவிடும். இராமன் மாதம் 500 ரூபாய் கொடுத்தார். அதற்கு ஈடாக முழுப் பகல் பொழுதை வாங்கினார். காலையும் மாலையும் மட்டுமே ஆய்வுக்குக் கிடைத்த மனிதருக்கு நாள் முழுவதும் கிடைத்தது. ஊதியம் என்னும் சொல்லின் பழைய பொருளில் நோக்கினால் அவருடைய ஊதியம் குறைந்ததா, கூடியதா? நீங்களே சிந்தித்துக் கூறுங்கள்.

1928 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று ஒளிச்சிதறலில் அவர் கண்ட புதிய விளைவு அறிவிக்கப்பட்டது. 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நாளையே நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். நம் சுரங்கங்கள் மூடப்பட்ட தேதியும் அதுவே என்பதால் இவ்வூரில் அந்நாளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. (சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் 1960களில் நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய்ந்த வரலாற்றை வேறொரு பாடத்தில் படிப்போம்.)

ஓர் எச்சரிக்கை. நோபல் பரிசு கிடைத்ததால் அவருடைய முடிவு சரியாயிற்று என்று எழுதாதீர்கள். 1917 இல் அப்பரிசு எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. அன்று அவர் முன் இருந்தவை குறைந்த ஊதியமும், தாம் கேட்டுப் பெற்ற ஏற்பாடுகளும், நிறைந்த நேரமும் மட்டுமே. முடிவை அவற்றைக் கொண்டே எடைபோட வேண்டும்.

வீட்டில் ஒரு கணக்கு

இராமனுக்குப் பொருந்தியது எல்லாருக்கும் பொருந்துமா? நம் ஊர்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் 13 ஆண்டுகளாக இயந்திரம் இயக்குபவர். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய். மிகைநேர வேலைக்குச் சராசரியாக 5,000 ரூபாய். விடுப்பின்றி வந்தால் 1,000 ரூபாய். ஆக மொத்தம் 24,000. இப்போது நிருவாகம் அவருக்கு 'மேற்பார்வையாளர்' என்னும் பதவி தர முன்வருகிறது. மாதம் 22,000 ரூபாய். அதில் அடிப்படை 11,000, ஏனைய 11,000 பல்வேறு படிகள். மிகைநேர ஊதியம் இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இழப்பு 2,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படை ஊதியத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படும் என்று கொண்டால், முன்பு 2,160, இனி 1,320. ஆகவே கையில் வருவது முன்பு 21,840, இனி 20,680. வேறுபாடு 1,160 மட்டுமே. 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. வைப்பு நிதியில் தம் பங்கு 840 ரூபாய் குறைகிறது. நிருவாகத்தின் பங்கும் அதே அளவு குறைகிறது. கைக்கு வராத பணம் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதனினும் பெரியது பணிக்கொடை. 1972 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த முறைப்படி, ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம். ஒரு மாதத்துக்கு 26 நாள் எனக் கணக்கு. எந்த ஊதியம்? இறுதியாகப் பெற்ற ஊதியம். அடிப்படையும் அகவிலைப்படியும் அதில் சேரும். மிகைநேர ஊதியம் சேராது. இன்று விலகினால் 18,000 ஐ 15 ஆல் பெருக்கி, 13 ஆண்டால் பெருக்கி, 26 ஆல் வகுக்க 1,35,000 ரூபாய். அடிப்படை 11,000 ஆன மறுநாள் அதே கணக்கில் 82,500 ரூபாய். புதிய பதவி, இனி வரும் ஆண்டுகளை மட்டுமன்றி, கடந்த 13 ஆண்டுகளின் உழைப்பையும் விலை குறைத்துவிடுகிறது. மாத ஊதியத்தை மட்டும் பார்ப்போர் இதனைக் காண்பதில்லை.

மறுபுறத்தையும் நேர்மையாகக் கணக்கிடுவோம். சட்டப்படி மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம். 18,000 ஐ 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 87 ரூபாய், இருமடங்கு 173. எனவே 5,000 ரூபாய் ஈட்ட அவர் மாதம் ஏறத்தாழ 29 மணி நேரம் கூடுதலாக உழைக்கிறார். மேற்பார்வையாளரானபின் அந்த 29 மணி நேரம் வீட்டுக்குத் திரும்புமா? திரும்புமாயின், கடைசி வண்டியைப் பிடித்து நள்ளிரவில் வரும் தந்தை மாலை வண்டியில் வருவார். இராமன் வாங்கியதைப் போல அவரும் நேரத்தை வாங்குகிறார். 'மேற்பார்வையாளர்தானே, இருந்து முடித்துவிட்டுப் போங்கள்' என்று அதே 29 மணி நேரம் ஊதியமின்றிப் பெறப்படுமாயின், பதவியின் பெயரால் அவருடைய உழைப்பு இலவசமாகிறது. இதுவே இக்கணக்கின் உயிர்நாடி.

சட்டம் இதில் ஒரு தெளிவைத் தருகிறது. ஒருவர் தொழிலாளரா, மேற்பார்வையாளரா என்னும் வழக்குகளில், சட்டையில் குத்திய பெயரை அன்று, அவர் உண்மையில் செய்யும் வேலையையே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. பிறருக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கிறாரா, விடுப்பு வழங்கும் அதிகாரம் உண்டா என்பனவற்றை வினவுவர். அதே இயந்திரத்தின் முன் அதே வேலையைச் செய்துகொண்டு பெயர் மட்டும் மாறினால், அது பெரும்பாலும் மிகைநேர ஊதியத்தைத் தவிர்க்கும் வழியாகவே இருக்கும்.

அரசுப் பணியில் இச்சிக்கல் எழுவதில்லை. நடுவண் அரசில் பதவி உயரும்போது முதலில் ஓர் ஊதிய ஏற்றம் தந்து, பின்னரே மேல்நிலைக்குரிய ஊதியம் நிர்ணயிக்கப்படும்; உயர்ந்தவர் குறைவாகப் பெறுவதில்லை. 'அரசு வேலைக்குப் படி' என்று உங்கள் பாட்டிமார் கூறுவதில் இத்தகைய பட்டறிவும் கலந்திருக்கிறது.

இனி அவ்வீட்டின் உரையாடலைக் கேட்போம்.

தாய் : என்னங்க, மாதம் 1,160 ரூபாய்தானே குறைகிறது. பெரியவளுக்கு வரன் பார்க்கும்போது 'அப்பா மேற்பார்வையாளர்' என்று சொல்வது நமக்கும் மதிப்புத்தானே?

தந்தை : மதிப்புத்தான். ஆனால் சீட்டுப் பணம், பள்ளிக் கட்டணம் இரண்டையும் எதில் குறைப்பது?

தாத்தா : தம்பி, நான் சுரங்கத்தில் இருந்தபோது எனக்கும் ஒரு பதவிப் பெயர் இருந்தது. சுரங்கத்தை மூடிய பிறகு வெளியில் அந்தப் பெயருக்குப் பொருளே எவருக்கும் தெரியவில்லை. இந்தப் பெயர் வேறு தொழிற்சாலையிலும் செல்லுமா என்று கேட்டுப் பார்.

மகள் : அப்பா, நீங்கள் ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவீர்களா?

தந்தை : அதைத்தான் அம்மா, இன்னும் யாரும் எழுத்தில் தரவில்லை.

நால்வர் கேட்டவையும் நான்கு வேறு பொருள்கள். தாத்தாவின் வினாவில் ஆழம் மிகுதி. வேறிடத்தில் வேலை தேடும்போது 'மூன்றாண்டு மேற்பார்வையாளர்' என்னும் சான்று உயர்ந்த ஊதியத்துக்கு வாயில் திறக்குமாயின், இன்றைய இழப்பு ஒருவகை முதலீடு. உள்ளே மட்டும் செல்லும் பெயராயின் அன்று. ஆயினும் மகளின் வினாவே இவற்றுள் முதன்மையானது என்பது என் எண்ணம்.

தந்தை நிருவாகத்துக்கு எழுதும் கடிதம் (மாதிரி)

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் தொழிற்சாலையில் 13 ஆண்டுகளாக இயந்திரம் இயக்குபவராகப் பணியாற்றும் எனக்கு மேற்பார்வையாளர் பதவி அளிக்க முன்வந்தமைக்கு என் நன்றி. அப்பொறுப்பை ஏற்க விருப்பம் உடையேன். முடிவு கூறுமுன் பின்வருவனவற்றை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய்க்குக் குறையாமல் இருக்குமா? பணி நேரம் எப்போது முடியும். அதற்கு மேல் இருக்க நேர்ந்தால் ஈடு யாது? எத்தனை பேர் என் பொறுப்பில் பணியாற்றுவர். அவர்களுக்கு விடுப்பு வழங்கும் அதிகாரம் எனக்கு உண்டா? ஆறு திங்களுக்குள் இப்பணி பொருந்தாது எனக் கண்டால் பழைய பணிக்கும் ஊதியத்துக்கும் திரும்ப இயலுமா?

தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)

இக்கடிதத்தில் 'முடியாது' என்னும் சொல் இல்லை. 'சரி' என்னும் சொல்லும் இல்லை. 1914 க்கும் 1917 க்கும் இடையில் இராமன் செய்ததும் ஏறக்குறைய இதுவே: தமக்கு வேண்டியவற்றை அமருமுன் கேட்டார்.

இராமனைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்தார். அக்கழகத்துக்குள் எழுந்த கருத்து மாறுபாடுகளால் 1937 இல் இயக்குநர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. கழகத்தை விட்டுச் செல்லவில்லை. இயற்பியல் பேராசிரியராக 1948 வரை அங்கேயே பணியாற்றினார். இம்முறை பெயர் சிறிதாயிற்று. ஆய்வுக்கூடம் கையில் இருந்தது.

பயிற்சி

1. பொருள் அறிக : இருக்கை – பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, பணிக்கொடை – பணி முடிவில் பெறும் தொகை, படி – ஊதியத்துடன் சேர்த்து வழங்கும் தொகை, அகவை – வயது, பட்டறிவு – பட்டுப் பெற்ற அறிவு.

2. 'ஆயின், எனினும், ஆகவே' ஆகிய இணைப்புச் சொற்கள் இப்பாடத்தில் வரும் இடங்களை அடிக்கோடிடுக. 'எனினும்' வரும் வாக்கியத்தில் 'ஆகவே' இட்டுப் படித்துப் பொருள் எவ்வாறு மாறுகிறது என எழுதுக.

3. பாடத்தில் உள்ள கணக்கில் புதிய பதவியின் அடிப்படை ஊதியம் 16,000 ரூபாய் எனக் கொண்டு, வைப்பு நிதிப் பிடித்தத்தையும் 13 ஆண்டுக்கான பணிக்கொடையையும் கணக்கிடுக. உங்கள் முடிவு மாறுகிறதா?

4. 'தியாகம்' என்னும் சொல் இராமனின் முடிவுக்குப் பொருந்துமா? பொருந்தும் என ஒருவரும் பொருந்தாது என மற்றொருவரும் உரையாடுவதாக ஒரு பக்க அளவில் எழுதுக.

5. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் வகித்த பதவியின் பெயரையும், அப்பெயருக்கு உரிய வேலையையும் கேட்டறிந்து, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக. சுரங்கத்தில் வழங்கிய சொற்கள் அகராதியில் இல்லாவிடினும் அவ்வாறே எழுதுக.

6. நிருவாகம் தந்தையின் நான்கு வினாக்களுள் மூன்றாவதற்கு மட்டும் விடையளித்து, பத்துப் பேர் பொறுப்பில் இருப்பர், விடுப்பு வழங்கும் அதிகாரம் உண்டு என்று எழுதியுள்ளது. ஏனைய மூன்றைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. தந்தை எழுதும் மறுமொழிக் கடிதத்தை வரைக.